நோன்புக் கஞ்சியும் நடுக்காரச் சுருட்டும்

சுருட்டைச் சுற்றுகிறவருக்கு விரல் போதும், விற்கிறவருக்கு வாய் போதும். பிடித்துப் பார்த்துத் தரம் சொல்கிறவனுக்கு மட்டும் நாக்கும் வேண்டும், நாலு பேரின் பகையைத் தாங்கும் நெஞ்சும் வேண்டும்.

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்ட மேற்பார்வையாளர்களே, கணக்குப்பிள்ளைகளே, தரம் பார்ப்பவர்களே, இது உங்களுக்காக எழுதுவது. நான் கல்முனைக் கரையில் நாற்பது வருடம் துண்டுப் பிரசுரம் எழுதியவன். பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு; கற்றதெல்லாம் அந்தக் காலத்தில் கைமாறி வந்த சிறு பிரசுரங்களில்தான். வயலுக்குத் தண்ணீர் கேட்டும், தோணிக்காரருக்குத் துறை கேட்டும், சுருட்டுத் தொழிலாளருக்கு உட்காரப் பலகை கேட்டும் எழுதினேன். இரண்டு முறை மறியலுக்கும் போய்க் கம்பி எண்ணினேன். என் தோளில் ஏறி நின்று கைதட்டு வாங்கியவர்கள் இப்போது கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வாகனத்தில் என்னைக் கடந்து போகிறார்கள். போகட்டும். எனக்கு நிழலில் ஒரு நாற்காலியும் நல்ல சுருட்டும் கிடைத்திருக்கின்றன.

கூப்பிட்டவர்

மஃறூப் ஹாஜியாரின் சுருட்டுக் கொட்டிலை நான் இரண்டு தடவை மூட வைத்திருக்கிறேன். அவரே ஒருநாள் முச்சக்கர வண்டி அனுப்பி என்னைக் கூப்பிட்டபோது, பழைய பகையைத் தீர்க்கத்தான் என்று நினைத்து நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். அவர் தேநீர் கொடுத்தார். பொத்துவில் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்று வெளிநாட்டுக்காரருக்கு வைக்க உயர்தரச் சுருட்டுக் கேட்கிறதாம். காரம் தலையைச் சுற்ற வைக்கவும் கூடாது, சப்பென்றும் இருக்கக் கூடாது. எல்லாச் சுருட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சீசன் தொடங்குமுன் அவர்களைத் திருப்திப்படுத்தினால் கொட்டில் நடக்கும். இல்லாவிட்டால் சீமெந்துக் கடைக்காரருக்குக் களஞ்சியமாகக் கொடுத்துவிடுவதாக அவர் முடிவு செய்திருந்தார். ஊரில் சுருட்டுப் பிடிக்கிறவர்கள் மையத்து விழுந்த சாவு வீட்டுக்குத்தான் வருகிறார்கள், கடைக்கு வருகிறதில்லை என்றார்.

கொட்டிலில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். அவர்களில் எவருக்கும் வேறு தொழில் தெரியாது. உங்கள் ஆட்களில் ஒருவரை வைத்துத் தரம் பார்க்கலாமே என்று கேட்டேன். அவர்களுடைய நாக்கு காரச் சுருட்டில் செத்துப் போயிற்று, தவிரவும் எனக்கு முன்னால் குறை சொல்லத் துணிய மாட்டார்கள் என்றார். பிறகு தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “முப்பது வருசமா என்னில பிழை பிடிச்ச ஆள் நீங்க. இனி என்ட சுருட்டில பிடிங்க.”

பிடிக்கும் முறை

சும்மா பற்றவைத்து இழுப்பதல்ல இந்த வேலை. காலையில் வெறும் சாயத் தண்ணீர், பாலும் சீனியும் இல்லாத தேநீர், ஒரு கோப்பை. சுருட்டை விரலுக்குள் உருட்டி எங்கே கட்டி, எங்கே பொள்ளல் என்று பார்க்க வேண்டும். தலையைப் பிளேடால் மெல்லியதாகச் சீவி, நெருப்பு வைக்காமல் ஒருமுறை உறிஞ்ச வேண்டும். நல்ல இலை அப்போதே மழை விட்ட நாளின் வைக்கோல் மணம் தரும். பிறகு தீக்குச்சியைச் சுருட்டில் தொடாமல் பிடித்து, சுழற்றிச் சுழற்றிப் பற்றவைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. புகை வாயோடு நிற்க வேண்டும், நெஞ்சுக்குப் போகக் கூடாது. கடைசியில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டால் ஒளிந்திருந்த மணமெல்லாம் வெளியே வரும்.

எங்கள் சுருட்டில் உள்ளிலைக்கு யாழ்ப்பாணத்து இலை பாதி, மலையடிவாரத்து இளகிய இலை பாதி. மூன்று பங்காகப் பிடித்தால் முதல் பங்கில் வறுத்த கொத்தமல்லி மணக்கும். நடுப்பங்கில் கோப்பியும் வறுத்த கஜுவும் வந்து நாக்கின் ஓரத்தில் மிளகு லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். அந்த இடத்தில்தான் சுருட்டு தன் குணத்தைக் காட்டும். ஒரு நல்ல நடுக்காரச் சுருட்டின் நடுப்பங்கைப் போல நிதானமான பொழுது என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. கடைசிப் பங்கில் சூடு ஏறும்; அதற்கு முன் வைத்துவிட வேண்டும். நான் இப்படி மீதிச் சுருட்டை மரியாதையாகக் கிண்ணத்தில் சாய்த்து வைத்ததைப் பார்த்த சீனிமுகம்மது, ஒன்பது பேரிலும் மூத்தவர், என்னைக் காக்கா என்று அண்ணன் முறை சொல்கிறவர், கை ஓடிக்கொண்டிருக்கச் சொன்னார்: “இழுத்த புகையை விழுங்காமத் துப்புறதுக்கு எங்கட வீட்டு அடுப்படியில போய்க் குந்தி இரிந்தாக் காணுமே காக்கா.”

திரும்பிப் போன கட்டு

முதல் வாரமே ஒரு கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினேன். ஒருபக்கம் எரிந்து மறுபக்கம் பச்சையாக நின்றது. உள்ளிலையை முறுக்கிப் போட்ட குற்றம். கட்டை மேசையில் வைத்து நான் பிழையைச் சொன்னபோது கொட்டிலில் யாரும் நிமிரவில்லை. தொழிலாளிக்கு முன்னால் நின்று அவனுடைய வேலையைக் குறை சொல்லும் நாள் வரும் என்று எந்தப் பிரசுரமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்றை மட்டும் ஹாஜியாரோடு பேசி வாங்கிக்கொண்டேன்: கழிக்கும் சுருட்டைப் பிரித்து மறுபடி சுற்றலாம், அதற்காகக் கூலியில் கை வைக்கக் கூடாது. இதைப் பெரிய வெற்றியாக நினைத்து மறுநாள் காலையில் கொட்டிலில் அறிவித்தேன். யாரும் கைதட்டவில்லை. சீனிமுகம்மது மட்டும் இலையை நீவியபடி சொன்னார்: “அண்டைக்கி கேற்றுக்கு வெளியில நிண்டு கத்தினீங்க, இண்டைக்கி உள்ளுக்கு இரிந்து கத்துறீங்க. சத்தம் அதேதான்.”

வீட்டிலும் பள்ளியிலும்

இந்த வேலைக்கு ஊரில் மரியாதை கிடையாது. புகை ஆகாதென்று மௌலவி பிரசங்கம், பயான், செய்யும் வெள்ளிக்கிழமைகளில் சனம் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்க்கும். நான் பல்லைத் துலக்கி, மிஸ்வாக் குச்சி போட்டு, உடுப்பு மாற்றி, அத்தர் பூசித்தான் பள்ளிவாசலுக்குப் போகிறேன். அப்படியும் கடைசி வரிசையில் நிற்கிறேன். அவர் சொல்வது சரி, என் தொழிலும் இதுதான். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்கப் பழகிவிட்டேன்.

வீட்டில் மனைவி ஹாஜறா என் சட்டைகளைத் தனியாகத் துவைக்கிறாள், தனிக் கொடியில் போடுகிறாள். கட்டிய நாளிலிருந்து பொலிசையும் பசியையும் பார்த்தவள், எதற்கும் முறையிடாதவள். ஒருநாள் கொடியிலிருந்து சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்: “நீங்க மறியலுக்குப் போய் வந்த வாடை ரெண்டு துவையலில போச்சு. இது போகுதில்ல.”

நோன்பு மாதம்

சோதனைப் பெட்டிகளைப் பெருநாளுக்கு முன்னால் அனுப்பச் சொல்லி ஹோட்டலில் இருந்து செய்தி வந்தது. நோன்பு பிடித்துக்கொண்டு சுருட்டுச் சுற்றலாம்; பிடித்துப் பார்க்க முடியாது. புகை உள்ளே போனால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே நோன்பு திறந்த பிறகு பார்ப்பதென்று ஒழுங்கு செய்தேன். யோசித்துச் செய்த ஒழுங்குதான். ஆனால் நோன்பு திறப்பது எதைக் கொண்டு? பேரீச்சம்பழம், அதன்மேல் உள்ளிப்பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் கறுவாப்பட்டையும் ஏலக்காயும் போட்ட இரண்டு கோப்பைக் கஞ்சி, அதன்மேல் சமூசா. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த நாக்கு கூர்மையாக இருக்கும் என்று நம்பி, கஞ்சிக் கோப்பையை வைத்த கையோடு சுருட்டை எடுத்தேன். இந்த ஊரில் பிறந்தவன் தவிர வேறெவனும் செய்யாத மடத்தனம்.

கடைசிப் பெட்டியைப் பார்க்கும்போது ஓர் இனிப்பு வாடை வந்தது, ஏலக்காய் போல. கஞ்சியின் வாசம் இன்னும் வாயில் நிற்கிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, பெட்டியின் தரச் சீட்டுத் துண்டில் கையெழுத்துப் போட்டேன். ஹாஜியார் அந்தத் துண்டை இரண்டு முறை வாசித்தார். “உங்கட கையெழுத்து விழுந்திட்டு. இனி எனக்குப் பயமில்ல.”

திரும்பி வந்த பெட்டி

பெருநாள் முடிந்து ஐந்தாம் நாள் ஹோட்டல் முகாமையாளர் ஷிராஸ் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். கையில் அந்தக் கடைசிப் பெட்டி. மற்றவை எல்லாம் நல்லம், இது மட்டும் மிட்டாய்க் கடை மாதிரி மணக்கிறது, பிடித்தவர் பாதியில் வைத்துவிட்டார் என்றார். திறந்து முகர்ந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கோடா. சர்க்கரைப் பாகில் வாசனைச் சாமான் ஊறப்போட்டு எடுக்கும் தண்ணீர். ஊர்ச் சுருட்டில் தெளிப்பது. உயர்தரச் சுருட்டில் ஒரு துளி கூடப் படக்கூடாது என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். பெட்டிக்குள் இருந்த கட்டின் நூல் முடிச்சைப் பார்த்தாலே யார் கை என்று தெரிந்தது.

ஹாஜியாரின் முகம் சிவந்தது. யார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. பொலிசுக் கூட்டுக்குள் வைத்துக் கேட்டபோதே நான் ஒரு தொழிலாளியின் பெயரைக் கொடுத்தவனல்ல. பிழை என் நாக்கில், கையெழுத்து என்னுடையது, கஞ்சி குடித்த வாயோடு தரம் பார்த்தேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். சீமெந்துக் கடைக்காரரின் பெயர் ஹாஜியாரின் வாயில் வந்தது. ஒன்பது பேரும் கையை நிறுத்தினார்கள். ஷிராஸ் பெட்டியை மூடி வைத்தார். “பேர் எனக்கு வேணாம் காக்கா. ஒங்கட நாக்கு இன்னும் வேலை செய்யுதா எண்டுதான் நான் பார்க்கணும்.”

நாலு சுருட்டு

அடுத்த நாள் காலை, வெறும் வயிறு, ஒரு கோப்பைச் சாயம். ஷிராஸ் நாலு சுருட்டைத் தாள் வளையம் கழற்றி வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றுக்கும் அரைமணி எடுத்தேன். அவசரப்படுத்தியவர் ஹாஜியார்தான், அவரை வெளியே இருக்கச் சொன்னேன். முதலாவதும் மூன்றாவதும் எங்களுடையவை, சுத்தமானவை. மூன்றாவதில் யாழ்ப்பாணத்து இலை கொஞ்சம் கூடி நடுப்பங்கில் மிளகு முந்திக்கொண்டது என்றேன். இரண்டாவது கோடா, பற்றவைக்காமல் உறிஞ்சியதிலேயே பிடிபட்டது. நாலாவது எங்களுடையதல்ல. எந்த நாட்டு இலை என்று எனக்குத் தெரியாது, ஆனால் சுற்றிய கை நிதானமான கை, அந்த ஆள் என்னைவிட மூத்தவராக இருக்கலாம் என்றேன். ஷிராஸ் சிரித்தார். அது வெளிநாட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது. சீசன் முழுவதற்கும் எங்கள் சுருட்டையே எடுப்பதாக ஹாஜியாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி போனபிறகு சீனிமுகம்மது எழுந்து என் மேசைக்கு வந்தார். கோடா தெளித்தது தான்தான் என்றார். ஏன் என்று கேட்டேன். வெளிநாட்டாருக்கு முன் வைக்கிற சாமானை அலங்காரம் இல்லாமல் அனுப்பினால் கொட்டிலுக்குத்தானே வெட்கம், நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றார். கோடா இல்லாத சுருட்டு எப்படி இருக்கும் என்று நீங்கள் பிடித்துப் பார்த்ததே இல்லையா என்றேன். அவர் கோபப்படவில்லை. தன் காய்த்த விரலைப் பார்த்தபடி சொன்னார்: “ஆயிரக்கணக்கில சுத்தியாச்சி. இந்த மாதிரி நல்லதில ஒண்டும் பிடிச்சதில்ல காக்கா. எங்களுக்கு யார் தாற?”

ஒரு கோரிக்கை

அன்று வீட்டுக்குப் போய் ஒரு பிரசுரம் எழுதினேன், பல வருடத்துக்குப் பிறகு. செய்கிறவன் தான் செய்வதன் ருசியை அறியாமல் இருப்பது அநீதி என்று தொடங்கி நான்கு அம்சங்கள். நாற்பது வருடம் பலகையும் கூரையும் விடுமுறையும் கேட்டவன், இதை ஒருமுறை கூடக் கேட்கவில்லையே என்ற வெட்கத்தில் எழுத்து சூடாகவே வந்தது. மறுநாள் அதை ஹாஜியாரின் முன் வைத்து, வாரத்துக்கு ஒரு நல்ல சுருட்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேண்டும் என்றேன். அவர் முதல் அம்சத்தோடு நிறுத்தி, “சரி, கொடுங்க” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். மீதி மூன்று அம்சங்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை மாலை, அஸர் தொழுகைக்குப் பிறகு, விருப்பப்பட்டவர்கள் கொட்டிலின் பின்பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். நான் சீவக் கற்றுக்கொடுத்தேன், நிமிடத்துக்கு ஒன்று என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு பேச்சுக் குறைந்தது. கடல் காற்று சாம்பலைக் கலைக்காமல் இருந்தது நல்ல சுற்றுக்கு அடையாளம். சீனிமுகம்மது கடைசிப் பங்குவரை பிடித்தார், மூக்கு வழியாகவும் விட்டுப் பார்த்தார். நெருப்பைப் பக்குவமாக அணையவிட்டுச் சுருட்டைத் திருப்பி, இவ்வளவு நாளும் நான் காணாத ஒன்றைக் கண்டு சொன்னார்: “மேலிலையில நரம்புப் பக்கம் உள்ளுக்கு மடியுது காக்கா, அதாலதான் கடைசியில கைக்குது. நாளையில இரிந்து நான் மற்றப்பக்கம் வெச்சுச் சுத்துறன்.”

அவர் சொன்னது சரிதான். நாற்பது வருடத்தில் நான் பிரசுரம் எழுதி வென்ற கோரிக்கை இது ஒன்றுதான், அதன் பயனாக என் நாற்காலிக்கு இப்போது ஒன்பது பேர் போட்டி.