ஆணியில் தொங்கிய விசில்

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பா காவலாளியானார். நேரு வீதிப் பக்கம் ஒரு பெரிய துணிக்கடையில், கார் நிறுத்தும் இடத்தில் நின்று வண்டிகளை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் வேலை. வேலைக்கு ஆள் எடுத்தது ஓர் ஏஜென்சி. அவர்கள் நீலச் சட்டை ஒன்றைக் கொடுத்து, கறுப்பு ஷூ, பெல்ட், டார்ச் லைட், விசில் எல்லாவற்றையும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "இன்னா, பொண்ணு வீட்டுல சீர் கேக்கற மாதிரி கேக்கறாங்க" என்றாள் அம்மா. வேலை கிடைத்ததே அப்பாவுக்குப் பெரிதாக இருந்தது.

விசிலை சண்டே மார்க்கெட்டில் வாங்கினார். நானும் கூடப் போனேன். நாலைந்து விசில்களை ஊதிப் பார்த்து, கடைக்காரர் முறைத்த பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஸ்டீல் விசில், சிவப்புக் கயிறு. வீட்டில் வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கும். நான் ஆசையாகப் பார்ப்பது தெரிந்து, "அது வெளயாட்டுச் சாமான் இல்ல கண்ணு, அப்பாவோட வேல" என்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முதலியார்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் கயிற்றுக்குள் வரிசையாக நின்று பஸ் ஓட்டுவோம். ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். விசில் வைத்திருப்பவர்தான் கண்டக்டர். எதிர்வீட்டுப் பெண்ணிடம் ஒரு பிளாஸ்டிக் விசில் இருந்ததால் அவளே எப்போதும் கண்டக்டர். நான் எப்போதும் பயணி. இந்த அநியாயம் எத்தனை நாளைக்கு என்று எனக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை, அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது விசிலை எடுத்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். ஒரே ஒரு நாள் கண்டக்டராக இருந்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம் என்பது என் திட்டம்.

அப்பா ஆணியைப் பார்த்தார். சட்டைப் பைகளைத் தடவினார். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். "விசிலப் பாத்தியாம்மா?" என்று என்னிடம் கேட்டார். "இல்லப்பா" என்றேன். நேரமாகிவிட்டது. வாயாலேயே சமாளித்துக்கொள்வதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அன்று எங்கள் பஸ் பத்து முறையாவது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வந்தது. அந்த ஸ்டீல் விசிலின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு அதிகாரமாக நான் அதற்குப் பிறகும் இருந்ததில்லை.

மதியம் அப்பாவுடன் வேலை செய்பவர் வந்து அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஒரு கார் ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வாடிக்கையாளர்களின் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றில் ஒன்று சாய்ந்தாலும் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும். அவர் கத்தியிருக்கிறார். கண்ணாடி ஏற்றிய காருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் டிக்கியைத் தட்டியபோது சக்கரம் அவர் வலது பாதத்தின் மேல் ஏறிவிட்டது.

எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் நான் விசிலை நன்றாகத் துடைத்து அதே ஆணியில் மாட்டிவைத்தேன். இனி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அப்பா, வாசலில் நின்று அந்த ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் உள்ளே வந்தார்.

இரண்டு நாள் கழித்து ஏஜென்சி சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்ட வாயோடு, "டூட்டில விசில் இருந்துதா?" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இல்ல சார். மறந்து ஊட்டுலயே வச்சிட்டேன். அதோ தொங்குது. என் தப்புதான்."

சூப்பர்வைசர் அதை அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதைக் காட்டியே வைத்தியத்துக்கு அவர்கள் ஒன்றும் தரவில்லை. கால் ஆறுவதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆளும் வந்துவிட்டார். அப்பா இன்றுவரை வலது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த நிம்மதிதான். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நான் வேலைக்குப் போய் முதல் தீபாவளிக்கு அப்பாவுக்கு வேட்டி எடுத்துக்கொடுத்தபோதுதான் என்னால் சொல்ல முடிந்தது. அழுதுகொண்டே சொன்னேன். "தெரியும்மா" என்றார். "காலைல காலியா இருந்த ஆணி, நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வரும்போது விசிலோட நின்னுச்சே." சிரித்தார். என்னை எப்போதோ மன்னித்துவிட்டிருந்தார். தன்னை மட்டும் மன்னிக்கவில்லை. அன்று விசில் இல்லாமல் வேலைக்குப் போனது தன் தப்புதான் என்று அப்போதும் சொன்னார்.

விசிலை எடுத்தது நான், அது இல்லாமல் வேலைக்குப் போனது அப்பா, தேடித்தராதது தன் தப்பு என்று அம்மா. ஆளுக்கொரு பங்காக அந்தத் தப்பை இத்தனை வருடம் வீட்டுக்குள்ளேயே பிரித்துவைத்திருந்தோம். அவ்வளவு பெரிய கடை வாங்கித்தர வேண்டிய விசில் எங்கள் வீட்டு ஆணியில் ஏன் தொங்கியது என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.