நம்மூரு பேரு

தொண்ணூறுகளின் கடைசியில், ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கு வயர் இழுக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். மேனேஜர் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை செத்துப்போனதால், அதற்குள் கிடந்த ஆர்டரை ஆபீஸ் லேப்டாப் வழியாக எடுக்க வேண்டும்.

"ஏலே, இன்னைக்கு எடுக்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்றார்.

இரண்டையும் வயரால் இணைத்தேன். உள்ளே நுழைய, வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைத்திருந்த குரூப் பெயரை லேப்டாப் கேட்டது.

"நம்மூரு பேருதான் வச்சேன்" என்றார் அவர் மனைவி.

ஸ்ரீவில்லிபுத்தூரை பஸ் போர்டில் பார்த்த ஆங்கிலத்தில் அடித்தேன், ஸ்டேஷன் போர்டில் பார்த்தபடியும் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. எட்டாவதோடு நின்ற என் படிப்பைத்தான் சந்தேகப்பட்டேன்.

அந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, புருஷனைக் கை காட்டினார். "இது அவிய ஊருல்ல? நம்மூருன்னா நான் பொறந்த ராஜபாளையம்!"

அடித்தேன். ஆர்டர் வந்தது, என் வேலையும் தப்பியது.

மேனேஜர் ஆர்டரைப் பார்க்கவே இல்லை, மனைவியைத்தான் பார்த்தார். "கல்யாணமாகி எம்புட்டு வருசமாச்சு, இன்னுமா ஏட்டி?" என்றார்.