சேதுபதி கேட்ட புலு

தரையில் கிடக்கும் மூங்கில் சிராயைச் சேதுபதி கையால் எடுப்பதில்லை. நடந்துகொண்டே கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கவ்வி, முழங்காலைப் பின்னுக்கு மடக்கி, திரும்பிப் பாராமல் கையில் வாங்கித் தோளில் தொங்கும் கோணியில் போட்டுக்கொள்கிறார். காஜா பெராங் சாலையில் எதிரே வருகிறவர்கள் மனிதருக்கு இழுப்பு நோய் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போகிறார்கள். கேட்டால், “குனிஞ்சா பேச்சு அறுந்து போயிருது லா,” என்பார்.

பேச்சு அறுந்து போகும் ஆபத்து அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. சண்டைக்கு முன்பு மலாக்கா டவுனில் சினிமாக் கொட்டகைகளுக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டிக்கொண்டே படத்தின் கதையையும் சொல்லிவிடுவார். அதனால் டிக்கெட் விற்பனை குறைகிறது என்று கொட்டகைக்காரர்கள் குறைப்பட்டதுண்டு. ஜப்பான்காரன் வந்தபிறகு படமும் நின்றது, பசைக்கு மாவும் நின்றது. ஒட்டிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. படைக்குக் கூடை முடையும் பட்டறைக்குப் பின்னால் சீவலும் சிராயும் துண்டு மூங்கிலும் மலையாகக் குவிந்து, வாரம் ஒருமுறை எரிந்துகொண்டிருந்தன. “இம்புட்டையும் எரிக்கிறானுங்களே, இத ஒட்டுனா ஊடு கட்டலாமே,” என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். எதையும் எதோடும் ஒட்டிவிடலாம் என்று நம்புகிற மனிதர் அவர். அந்த நம்பிக்கை பாதி நேரம் பொய்த்துப் போகும்.

வீடு தேவைப்பட்டது கோகிலாவுக்கு. ரப்பர்த் தோட்டத்தில் பிழைப்பு போய், புண்ணாகிப்போன காலோடு நொண்டும் கணவன் கலியாணசுந்தரத்தையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தவள், ஒரு பழைய மாட்டுவண்டிக் கொட்டகையில் தங்கியிருந்தாள். மேலே அத்தாப்பு ஓலைக் கூரை நன்றாக இருந்தது. சுற்றிலும் தூண்கள் மட்டும். அந்தத் தெருவுக்குக் கூட்டத் தலைவராக ஜப்பானியர் வைத்திருந்த நல்லையா, முன்பு கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், வந்து பார்த்துவிட்டுக் கலியாணசுந்தரத்திடம் சொன்னார்:

“தம்பி, சுவரில்லாட்டி இது வீடில்லை. வீடில்லாத ஆம்பிளைய சயாம் ரயில் வேலைக்கு ஏத்தச் சொல்லி உத்தரவு. மேல இருக்கிறவன் கேட்டா நான் என்ன சொல்லுறது? மழை வாறதுக்குள்ள ஏதும் செய்யுங்கோ.”

அந்தக் காலோடு சயாமுக்குப் போனால் திரும்ப மாட்டான் என்பது நல்லையாவுக்கும் தெரியும். சிமெண்டு கண்ணில் காண முடியாத காலம். பலகையும் தகரமும் படைக்குப் போய்விட்டன. “சுவருதான? நான் ஒட்டித் தாரேன்,” என்றார் அங்கே வேடிக்கை பார்த்து நின்ற சேதுபதி, யாரும் கேட்காமலே.

சீவலை நறுக்கி ஊறவைத்து, களிமண்ணோடு மிதித்து, மரவள்ளித் தோலில் காய்ச்சிய பசையை ஊற்றி, மரச்சட்டத்தில் அடித்துப் பலகையாக்கிக் காயவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காய்ந்ததும் குறுக்கும் நெடுக்குமாக வெடித்தது.

“அண்ணே, கெழங்குத் தோலக்கூட நாங்க வேக வச்சித் திங்கிறோம். நீங்க செவுத்துக்கு ஊட்டுறீங்க. அது செமிக்காம வெடிக்குது,” என்றாள் கோகிலா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்னபின் கணவனின் காலைப் பார்த்தாள்.

கோணியில் சுமந்து வரும் சீவல் கலவைக்குப் போதவில்லை என்று சேதுபதி முடிவு கட்டினார். மாட்டுவண்டி ஓட்டும் பாக் டோலாவிடம், வரும்வழியில் மூங்கில் கழிவை ஏற்றிவரச் சொன்னார். மலாய்க்காரர்கள் மூங்கிலைப் ‘புலோஹ்’ என்று கடைசியில் மூச்சை விட்டுச் சொல்கிறார்கள். நம்மவர்கள் அந்த மூச்சை மிச்சம் பிடிக்கிறவர்கள். சேதுபதி ‘புலு’ என்றார். புலு என்றால் ரோமம்.

பாக் டோலா சொன்னதைச் செய்கிற மனிதர். தெங்கேராப் பக்கம் தோல் பதனிடும் கொட்டகையில் சுரண்டிப் போட்டிருந்த ஆட்டு ரோமத்தை வண்டி நிறைய ஏற்றிவந்து, கோகிலாவின் கொட்டகை முன்னால் சரித்தார். நாற்றத்தில் பிள்ளைகள் ஓடினார்கள்.

“இது என்னா பாக்?”

“புலு. நீதானே கேட்டே?”

தெருவே சிரித்தது. சேதுபதி மட்டும் சிரிக்கவில்லை. தப்பை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவருக்குக் கிடையாது. “ஆமா, நான் கேட்டது அதுதான். இல்லாமயா?” என்று சொன்னவர், சொன்னதை மெய்யாக்க வேண்டிய கட்டாயத்தில் ரோமத்தை அள்ளிச் சேற்றில் போட்டு மிதிக்கத் தொடங்கினார். கோகிலா மூக்கைப் பொத்திக்கொண்டு கூடவே மிதித்தாள். அவளுக்கு வேறு வழி இல்லை.

அந்தப் பலகை காய்ந்தது, வெடிக்கவில்லை. மண் சுருங்கும்போது ரோமம் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. தவறி வந்த நன்மையை அறிவென்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் சேதுபதி தாமே தெங்கேராவுக்கு நடந்துபோய், எந்த ரோமம் நீளம், எது கட்டையென்று விரலில் சுற்றிப் பார்த்து, நீளமானதைக் கேட்டு வாங்கிவந்தார். தற்செயலை அறிவாக்குவது அந்த இரண்டாவது நடைதான். மேல்பூச்சுக்குக் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பும் கரைத்தார். அதுமுதல் பாக் டோலா அவரிடம் வாய்ச்சொல்லை நம்புவதில்லை. தம் தாடியைத் தொட்டுக் காட்டி, பிறகு மூங்கில் புதரைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கிறார்.

நான்கு சுவரும் எழுந்தன. பழைய பெட்டிப் பலகையில் ஒரு கதவும் அமைந்தது. பிறகு மழை பிடித்தது. நாள் கணக்காக விடவில்லை.

அந்த மழையிலேயே நல்லையா வந்தார். குடை முனையால் சுவரைக் குத்தினார், முனைதான் வளைந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். சுவர் அசையவில்லை, அவருடைய வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டியது.

“உள்ளுக்கு ஈரம் வருதே பிள்ளை?” என்று வெளியே நின்று கேட்டார்.

“வந்துதான் பாருங்களேன்,” என்றாள் கோகிலா. “சப்பாத்தக் கழட்டிட்டு வாங்க.”

கொட்டகையாக இருந்தவரை சப்பாத்தோடு குறுக்கே நடந்தவர் அவர். ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து கழற்றினார். உள்ளே பிள்ளைகள் உலர்ந்த தரையில் படுத்திருந்தார்கள். கலியாணசுந்தரம் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். நல்லையா வெளியே வந்து, கூரை இறக்கத்தின் கீழ் நனையாத இடமாகப் பார்த்துக் கரித்துண்டால் வீட்டு எண்ணை எழுதினார். “இனி இவன் குடியிருக்கிற ஆள்,” என்றார், எழுத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த வாரத்திலேயே அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் கோணியும் கையுமாகப் பட்டறைக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினார்கள். சீவல் மலை எரிவது நின்றது.

மறுநாள் காலை, ஒரு மூலையில் பூச்சு சரிபார்க்கச் சேதுபதி வந்தார். இத்தனை நாளும் எந்த இரு தூண்களுக்கிடையில் தோன்றியதோ அந்த வழியாக நுழைந்தவர். வாசலுக்கு வந்ததும் அவர் பேச்சு நின்றது. மடித்துக் கட்டியிருந்த கைலியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு கதவைத் தட்டினார்.