தகரம் பிரித்த கோடை

ராயபுரத்தில் நான் நடத்தும் குழந்தைகள் காப்பகம், வெள்ளைக்காரர் காலத்துத் தானிய மண்டி ஒன்றில் இருக்கிறது. மீன் விற்கப் போகும் பெண்கள் விடியும்போதே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கனமான சுவர்கள், நடுவில் முற்றம். ஆனால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் முற்றத்தைத் தகரத்தால் மூடி, கூரையோரத்து வென்டிலேட்டர்களைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்க சிமென்ட் பூசியிருந்தார்கள்.

ஒரு மே மாதப் பிற்பகலில், விளையாடிக்கொண்டிருந்த பெண் குழந்தை ஒன்று அப்படியே சுருண்டு விழுந்தது. உடம்பு கொதித்தது. ஈரத்துணியைச் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. மீன்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அதன் அம்மா என்னைத் திட்டவில்லை.

"உன்ன நம்பித்தான வுட்டேன் டீச்சர்? அது இன்னா ரூமா, அடுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கட்டடத்தின் சொந்தக்காரர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைக் கேட்டதும், "இடிச்சுட்டு கான்கிரீட்ல கட்டி ஏசி போட்டுருதேன். நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்க" என்றார். வேறு இடம் என்றால் மீன்பிடித் துறைமுகத்தை விட்டு வெகுதூரம். அந்தப் பெண்களால் வர முடியாது.

கட்டடக்கலை படித்த என் தங்கையை அழைத்துவந்தேன். முன்கூடத்தில் வியர்த்து வழிந்தவள், யாரும் கைவைக்காத பின்கட்டுச் சரக்கறைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். அங்கே பழைய சுண்ணாம்புப் பூச்சும் திறந்த வென்டிலேட்டர்களும் அப்படியே இருந்தன. குளிர்ச்சி உடம்பிலேயே தெரிந்தது.

"கட்டடத்து மேல தப்பு இல்லக்கா. சூடு மேல ஏறி வெளிய போற வழிய அடைச்சு வெச்சிருக்காங்க."

அண்ணாச்சியிடம் போய், "ஒரு வருஷம் பொறுங்க. சரிவரலைன்னா நானே சாவியக் கொடுத்துடறேன்" என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

தகரத்தைப் பிரித்தோம். மழை அடிக்காதபடி முற்றத்துக்கு மேலே உயரத்தில், சுற்றிலும் காற்றுக்கு இடம் விட்டு ஒரு சின்னக் கூரை போட்டோம். செங்கல்களைப் பெயர்த்தோம். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். சிமென்ட்டை நெஞ்சுயரம் வரை கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். மழைக்காலத்தில் தண்ணீர் புகும் இடம் என்பதால், சுவிட்சுப் பெட்டிகளை எல்லாம் அதற்கும் மேலே ஏற்றினோம்.

புழுக்கம் குறைந்தது. ஆனால் திறந்துவிட்ட வழியாக லாரிப் புகை உள்ளே வந்து, பாய்களில் கரித்தூள் படிய ஆரம்பித்தது. அதே குழந்தையின் அம்மாதான் முதலில் சண்டைக்கு வந்தாள். "வேர்வ போயி கரி வந்துகினு கீது. புள்ள மூக்கப் பாரு டீச்சர், கலீஜா கீது!"

அழுகை வந்தது. விட்டுவிட மனம் வரவில்லை. லாரி போகும் சாலைப்பக்க ஜன்னல்களைப் பகலில் மூடிவைத்து, கடற்பக்கமும் முற்றமும் மட்டும் காற்று தர வழி செய்தாள் தங்கை. கடற்பக்க ஜன்னல்களுக்கு மெல்லிய வலை அடித்தோம். பாயில் கரி குறைந்தது. வலை சீக்கிரமே கறுத்துவிடும். கழற்றிக் கழுவுவது இன்றுவரை என் வேலை.

ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. குழந்தைகளைச் சர்ச் கூடத்துக்கு மாற்றினேன். தண்ணீர் வடிந்ததும் கதவு ஜன்னல்களை விரியத் திறந்துவைத்தோம். பக்கத்துப் புதுக் கான்கிரீட் கட்டடத்தில் வாரக்கணக்கில் ஈர வாடை போகாமல் கிடந்தபோது, அண்ணாச்சி எங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுவரு காஞ்சிட்டே!"

இடிக்கும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை. "இன்னும் ஒரு கோடை பாப்போம்" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

அடுத்த மே மாதம் கரண்ட் போன மதியங்களிலும் பிள்ளைகள் அழாமல் தூங்கினார்கள். அண்ணாச்சி சாவியைக் கேட்கவே இல்லை. மேற்கு மூலை மட்டும் இன்னும் சுடுகிறது. அந்தச் சுவருக்கு வெளியே கீற்றுப் பந்தல் போடச் சொல்லி அண்ணாச்சியை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். போடவைக்காமல் விடப்போவதில்லை.