இனியவனை வெளியே உட்கார வைத்த நாள்

இனியவன் என்ற பெயரைக் காசியம்மாள் முதன்முதலில் கேட்டதே, அதைக் குழந்தையின் காதில் சொல்லச் சொன்னபோதுதான். பெயரைச் சொல்வது அத்தையின் பாத்தியதை. தம்பி தங்கதுரைக்கு மூத்தது தென்றல், பெண். அடுத்துப் பிறந்த ஆண்பிள்ளைக்குச் சாமி பெயரையோ அப்பா பெயரையோ வைப்பான் என்று நினைத்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் இப்படி ஒரு பெயரைச் சொன்னான். நம் வம்சத்தில் யாருக்கு இந்தப் பெயர் இருந்தது என்று கேட்டாள். யாருக்கும் இல்லாததால்தான் வைக்கிறேன் என்றான். வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, பிறகு காதில் சொன்னாள்.

பிள்ளை படிப்பில் கெட்டி. தங்கதுரை, விருத்தாசலத்தில் கரண்ட் பீஸ் கட்டை செய்கிற செராமிக் கம்பெனி ஒன்றில் சூளை பார்க்கிறவன். அப்பா ஊரான மங்களூர் வழி, அம்மா ஊரான கருவேப்பிலங்குறிச்சி வழி என்று எந்த வழியில் எண்ணினாலும், இஞ்சினியர் படிக்க ஒரு பல்கலைக்கழகத்துக்கு ரயிலேறிப் போன முதல் ஆள் இனியவன்தான்.

இரண்டாம் வருஷம் பொங்கல் லீவுக்கு வந்தவன் சரியாக இல்லை. தூக்கம் இல்லை, பேச்சு நிற்கவில்லை. ஊரில் உள்ள சூளையையெல்லாம் வெயிலிலேயே எரிய வைக்கப் போகிறேன், டெல்லியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றான். மங்களூரில் இருந்த காசியம்மாளின் சின்னய்யா, அப்பாவின் தம்பி, இப்படித்தான் ஒருநாள், ஊருக்கே ஏரி வெட்டப் போகிறேன் என்று மண்வெட்டியோடு கிளம்பினார். அப்புறம் மாதக்கணக்கில் பாயை விட்டு எழவில்லை. தம்பியிடம் சொன்னாள். தென்றலைப் பெண் பார்க்க வருகிற நேரத்தில் அந்தப் பேச்சை எடுக்காதே என்று அவன் வாயை அடைத்துவிட்டான்.

திரும்பிப் போனவன் வகுப்பில் வாத்தியாரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே பாடம் நடத்தினான். கண்டித்தார்கள், கேட்கவில்லை. பிறகு பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது, தீப்பிடித்தால் அடிக்கிற மணியை அழுத்திவிட்டான். எல்லாரும் கலைந்து ஓடியதில் ஒரு பெண் மாடிப்படியில் விழுந்து கை முறிந்தது. பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

ஆராயி, பெற்றவள், அழுது அழுதே காய்ச்சலில் படுத்துவிட்டாள். தங்கதுரைக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அதனால் ஆராயியின் அண்ணன் விருத்தகிரியும் அவனோடு கிளம்பினார். கருவேப்பிலங்குறிச்சியில் எந்தப் பஞ்சாயத்தானாலும் பேசுகிறவர் அவர்தான். காசியம்மாளை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து ரயிலேறிக்கொண்டாள்.

அங்கே நீள மேஜைக்குப் பின்னால் கமிட்டி உட்கார்ந்திருந்தது. இனியவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நடுவில் இருந்தவர் வாசுகி என்ற பேராசிரியை. தன்மையாகத்தான் கேட்டார்: பையனுக்கு மனசிலோ உடம்பிலோ சிரமம் உண்டா, வைத்தியம் ஏதும் பார்த்தீர்களா என்று.

விருத்தகிரி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் அவர் கண்ட வழி அதுதான். தப்பை முழுசாக ஒப்புக்கொண்டு விழுந்துவிட்டால் பெரியவர்கள் மனம் இரங்குவார்கள். சாக்குச் சொன்னால்தான் கோபம் ஏறும். அதோடு, நோய் என்று ஒரு சொல் வெளியே போனால் தென்றல் சம்பந்தம் என்னாவது?

“நோய் நொடி ஒண்ணும் கெடையாதுங்கம்மா. எங்க வம்சத்துலயே கெடையாது. எல்லாம் கொழுப்பு. செல்லங் குடுத்துக் கெடுத்துட்டோம். இப்பவே உங்க கால்ல வுழச் சொல்றேன்.”

“எங்க சின்னய்யா ஒருத்தருக்கு…” என்று காசியம்மாள் ஆரம்பித்தாள்.

“அண்ணி, செத்த சும்மா இருங்க. சபையில பேசிக்கிட்டு இருக்கறேன்ல.”

வாசுகி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு விருத்தகிரி பக்கமே திரும்பிக்கொண்டார். நோய் என்றால் ஒரு வருஷம் லீவு கொடுத்து, டாக்டர் சரி என்றதும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வழி உண்டாம். வேண்டுமென்றே செய்ததென்றால் நீக்கத்தான் வேண்டுமாம். நீங்களாகவே படிப்பை விட்டு டீசி வாங்கிக்கொண்டால், நீக்கினோம் என்று போடமாட்டோம் என்றார். விருத்தகிரி அதைப் பெரிய தயவாக எடுத்துக்கொண்டு கும்பிட்டார். தங்கதுரை கையெழுத்துப் போட்டான். அப்புறம்தான் பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போட்டான். அன்றைக்கு அவன் எதில் வேண்டுமானாலும் போட்டிருப்பான்.

“பேரு கெடாம மீட்டாந்துட்டேன், மச்சான்” என்று விருத்தகிரி ரயிலில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தென்றலைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், சொந்தத்திலேயே வேறு பெண்ணை முடித்துக்கொண்டார்கள். இனியவன் பேச்சே அதில் அடிபடவில்லை. அவனோ பேச்சடங்கி, சோறு தண்ணீர் வேண்டாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். காசியம்மாள் யாரையும் கேட்கவில்லை. பஸ்ஸில் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். சின்னய்யா கதையைச் சொல்ல, டாக்டர் பாதியிலேயே புரிந்துவிட்டது என்று தலையை ஆட்டினார். மாத்திரை எழுதினார். ஆவணி வாக்கில் பிள்ளை தெளிந்தான்.

“அத்த, அந்தப் பொண்ணு கை சரியாப்போச்சான்னு கேக்கணும். அப்பறம் நான் படிக்கணும்” என்றான்.

டாக்டர் சர்டிபிகேட்டோடு இரண்டு பேரும் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். இந்த செக்‌ஷன் இல்லை, அந்த செக்‌ஷன் என்றார்கள். அங்கே போனால் சாப்பாட்டு நேரம். சாப்பாடு முடிந்தால், பார்க்க வேண்டியவர் மீட்டிங்கில். காலையில் கட்டிக்கொண்டு போன புளிசாதம் பையிலேயே இருந்தது. சாயங்காலம் வாசுகியே அந்தப் பக்கம் வந்து, அடையாளம் கண்டு உள்ளே கூப்பிட்டார். சர்டிபிகேட்டை முழுசாகப் படித்தார். தாமாக டீசி வாங்கிப் போனவரை அதே வகுப்பில் சேர்க்க விதி இல்லை. முதல் வருஷத்துக்குப் புதிதாக மனுப் போடலாம், அதுவும் கமிட்டி ஒப்புக்கொண்டால் என்றார்.

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவு குடுத்திருப்போம்மா. நான் கேட்டேன் இல்லையா?”

“கேட்டீங்க. அவங்க மாமன்கிட்ட கேட்டீங்க. மணிய அடிச்சவன் வெளிய குந்தியிருந்தான். அவன உள்ள கூப்ட்டு, ஏம்ப்பா தூங்குறியா, சாப்புடறியான்னு கேட்டிருந்தா அவன் பேச்சுலயே தெரிஞ்சிருக்கும்.”

“குடும்பத்துல இல்லைன்னு சொன்ன பிறகு நாங்க என்ன செய்ய முடியும்?”

காசியம்மாள் சர்டிபிகேட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் சொல்வதிலும் பொய் இல்லை. இனியவன் அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக் கேட்டான். சரியாகிவிட்டது, எழுதுகிறாள் என்றார். அவன் நன்றி சொல்லிவிட்டு எழுந்துகொண்டான்.

சேதி கேட்டு விருத்தகிரி வீட்டுக்கு வந்தார். நல்லதுக்குத்தான் சொன்னேன் அண்ணி, காலேஜ்காரங்க இப்படி மாத்திப் பேசுவாங்கன்னு யார் கண்டா என்றார். காசியம்மாள் ஒரு சொம்பு தண்ணீரை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அங்கே நின்றிருந்தால் வாய் எங்கே போய் நிற்குமோ.

இனியவன் இப்போது விருத்தாசலத்தில்தான் இருக்கிறான். அப்பா வேலை பார்க்கிற கம்பெனியில் பீஸ் கட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறான், மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறான், எந்தக் காலேஜிலும் இன்னும் சேரவில்லை.