நெல்லுக்குப் போட்ட பிரேக்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். பெரியகல்லாற்றில் இருந்து இப்போதுதான் வந்த மீன் என்று எவர் சத்தியம் செய்தாலும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். இருபது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பிக்கிறவள் நான். இரண்டு பிள்ளைகள் ஒரே பிழையை ஒரே வரியில் விட்டிருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கண்டுபிடிக்கும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்ட என்னுடைய காரின் பின்பக்கத்தில், முன்மாரி நெல்லின் வெள்ளாமை வெட்டு மும்முரமாக நடந்த நாட்களில் ஒரு மத்தியானம், சின்ன லொறி ஒன்று வந்து இடித்தது.

வீடு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், பள்ளிக்கூடம் மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். தினமும் மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போய்வருகிறேன். வெட்டுக் காலத்தில் அந்தப் பக்கத்து றோட்டுகளில் பாதி நெல்லுக்குச் சொந்தம். வயல்வட்டையில் வெட்டிய ஈர நெல்லைக் கொண்டுவந்து தாரில் பரப்பி, ஓரத்தில் கல்லை வைத்துக் காயப்போடுவார்கள். சட்டப்படி அது பிழைதான். ஆனால் அங்கே அதைப் பிழை என்று சொல்ல ஆள் இல்லை. எதிரில் வாகனம் வந்தால் எல்லோரும் இடப்பக்கச் சில்லை நெல்லில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். காயப்போட்டவரும் ஒன்றும் சொல்வதில்லை.

எனக்கு மட்டும் அது வராது. எங்களுடையது வெள்ளாமைக் குடும்பம். காலில் ஒரு மணி நெல் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்த்துவிட்டார்கள். நெல் முன்னால் கிடந்தால் என் கால் என்னைக் கேட்காமலே பிரேக்குக்குப் போய்விடும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. என் பக்கத்துப் பாதி றோட்டில் நெல், மறு பாதியில் பெட்டி பூட்டிய உழவு மெசின் ஒன்று எதிரே வருகிறது. நெல்லில் ஏற்ற மனமில்லாமல் பிரேக்கை மிதித்தேன். மிதிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த லொறிக்காரரின் ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, மற்றக் கை காதுப் பக்கம் உயர்ந்திருந்தது போலத் தெரிந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். அடுத்த கணம் டமார் என்று ஒரு சத்தம், பின் சீட்டில் கிடந்த கொப்பிக் கட்டு கீழே விழுந்தது.

லொறிக்காரர் இறங்கி ஓடி வந்தார். முப்பது வயது இருக்கும். சாரியையும் கொப்பிகளையும் பார்த்தே நான் டீச்சர் என்று கண்டுகொண்டார். எனக்கு எங்கேயாவது நோகிறதா என்று கேட்டார், குடிக்கத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், பிறகு பிழை தன்னுடையதுதான் என்றார். இடித்த ஆள் இறங்கிவந்த கையோடு பிழையை ஒத்துக்கொண்டதை என் ஆயுளில் நான் கண்டதில்லை. போத்தலை வாங்கினேன், குடிக்கவில்லை.

ஏன் இவ்வளவு பணிவு என்று நான் யோசித்து முடிக்கும் முன்பே அவர் காரணத்தையும் சொன்னார். ஊர் காத்தான்குடி. உடுப்புக்கடை ஒன்றுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறார். கட்டாரில் டிரைவர் வேலை ஒன்று சரிவந்திருக்கிறது, இரண்டு வருடம் அலைந்து கிடைத்தது, இந்த மாதக் கடைசியில் பயணம். பெயரில் குற்றம் ஏதும் இல்லை என்ற பொலிஸ் ரிப்போட் இன்னும் கைக்கு வரவில்லை. இந்த நேரத்தில் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் ஏஜென்சிக்காரன் வேறு ஆளை அனுப்பிவிடுவான். பொலிசுக்கு மட்டும் போகவேண்டாம், தெரிந்த கராஜ் ஒன்று இருக்கிறது, காரை அங்கே விட்டால் புதிது போலத் திருத்தித் தருவதாகச் சொன்னார்.

காத்தான்குடி என்றதும் நான் ஓர் அடி தள்ளி நின்றேன். அது முஸ்லிம் ஊர், எங்களுடையது தமிழ் ஊர். உடுப்பு எடுக்க நாங்கள் அங்கேதான் போகிறோம், பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வந்தால் சண்டைபோட்டுச் சாப்பிடுகிறோம். என்றாலும் எங்கள் ஊர்களுக்கு இடையில் பழைய கதைகள் இருக்கின்றன. இப்படி ஒரு நேரத்தில் அந்தக் கதைகள்தான் முதலில் எழும்பி வருகின்றன. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் கட்டார்க் கதையை நான் நம்பாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போன் அடித்தேன். காரை ஓர் அங்குலமும் அசைக்க வேண்டாம், படம் எடுக்க ஆள் வருகிறார் என்றார்கள். பிறகு அக்காவின் புருஷனுக்கு அடித்தேன். அத்தான் வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், எல்லாம் தெரிந்தவர் என்று அவரும் நாங்களும் நம்புகிறோம். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கராஜ் கதையை ஒருபோதும் நம்பவேண்டாம் என்றார். அந்த ஆளிடம் லைசன்ஸ் இல்லாமல் இருக்கலாம், லொறிக்கு இன்சூரன்ஸ் முடிந்திருக்கலாம், ஏதோ இருக்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் ஒரு மரத்தடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டேன். லொறிக்காரர், நெல் காயப்போட்டிருந்த வயசாளியிடம் போய் ஏதோ சொன்னார். வயசாளி பதறிப்போய்ச் சாக்குகளைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் சேர்ந்து நெல்லைக் கூட்டி அள்ளத் தொடங்கினார்கள். லொறிக்காரர் சாக்கின் வாயைப் பிடிக்கிறார், மற்றவர் சுளகால் அள்ளிப் போடுகிறார். கால் மணித்தியாலத்துக்குள் றோட்டில் நெல்லும் இல்லை, ஓரத்துக் கல்லும் இல்லை, அந்த மனுசனும் இல்லை.

நான் பிரேக் போட்டதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த நெல். அதைக் கண் முன்னாலேயே மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு லொறிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இன்சூரன்சுக்காரர் ஒரு மணித்தியாலம் கழித்து மோட்டார்சைக்கிளில் வந்தார். இளம் பெடியன், கழுத்தில் அட்டை. நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார். றோட்டை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு வெறும் றோட்டில ஏன் மிஸ் பிரேக் போட்டீங்க?" என்று கேட்டார். நெல் கிடந்தது என்றேன். எங்கே என்று கேட்டார். ஓரத்தில் சிந்திக் கிடந்த மணிகளைக் காட்டினேன். அது கோழிக்குப் போட்ட தீன் மாதிரி இருந்தது. அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பின்னால் வந்து இடித்தவரில்தான் வழக்கமாகப் பிழை பிடிப்பார்கள் என்றும், முன்னால் போனவர் காரணமில்லாமல் பிரேக் போட்டார் என்று எதிர்ப்பக்கம் வாதாடினால் கதை மாறலாம் என்றும் சொன்னார். லொறியின் இன்சூரன்சில் இருந்து எடுப்பதானால் பொலிஸ் என்ட்ரி கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் எனக்கு அப்போது வெட்டவெளிச்சமாகிவிட்டது. பணிவாகப் பிழையை ஒத்துக்கொள்வது, பொலிசுக்குப் போகாமல் தடுப்பது, நெல்லை மறைப்பது, நாளைக்குக் கடை முதலாளியின் ஆட்களோடு வந்து டீச்சர் சும்மா பிரேக் போட்டார் என்று சொல்வது. ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன், விடை சரியாக வந்தது. அத்தானுக்கு மறுபடியும் அடித்தேன். நெல் கதையை விடு, அது உன் தலையில்தான் விழும் என்றார். அவன் என்ன செய்துகொண்டு வந்தான் என்று கேட்டார். கை காதுப் பக்கம் இருந்த மாதிரி இருந்தது என்றேன்.

"அப்ப போன்தான். மாதிரி கீதிரி எண்டு இழுக்காத. போனில கதைச்சுக்கொண்டு வந்து இடிச்சான் எண்டு எழுது."

அன்று பின்னேரமே பொலிசுக்குப் போய் அப்படியே எழுதிக் கொடுத்தேன். என்னை ஏமாற்றப் பார்த்த ஒருவரை முந்திவிட்டேன் என்ற திருப்தி இருந்தது. இரவு நல்ல நித்திரையும் வந்தது.

மூன்று நாள் கழித்து இருவரையும் கூப்பிட்டார்கள். சார்ஜன்ட் வேறு ஒரு முறைப்பாட்டில் இருந்ததால் வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். ஒரே வாங்கு. லொறிக்காரர் எழும்பி எனக்கு இடம் விட்டுவிட்டு மறு தொங்கலில் இருந்தார். கழுத்து நோகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் கதைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் வாய் சும்மா கிடக்கவில்லை. அன்றைக்கு ஏன் அந்த நெல்லை அள்ளினீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்க போன் எடுத்தோடன பொலிஸ் வரும் எண்டு நெனச்சன் டீச்சர். வந்தா ரோட்டுல நெல் போட்டதுக்கு அந்த ஐயாவத்தானே புடிப்பாங்க. அவர் பாவம், குத்தகைக்குச் செய்யிறவர்." பிறகு குரலைத் தாழ்த்தி, தன்னுடைய வாக்குமூலத்திலும் நெல்லைப் பற்றி மூச்சுவிடவில்லை என்றார். இடைவெளி விடாமல் வந்தது தன் பிழை, டீச்சரில் ஒரு பிழையும் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சின்ன இடிதானே, காயமும் இல்லை, இரண்டு பேரும் சமாதானம் என்றால் வழக்கு என்று கோட்டுக்குப் போகாமல் இங்கேயே முடித்துவிடுவார்கள் என்று ஆரோ சொன்னார்களாம். பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றும் சொன்னார்.

இதுவும் ஒரு நடிப்பாக இருக்குமோ என்று அப்போதும் ஒரு முறை யோசித்தேன். பழக்கதோஷம். ஆனால் நெல்லை மறைத்து அவருக்கு ஆகப்போவது என்ன என்று கூட்டிப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. என்னில் பழிபோட நினைத்தவர் எதற்காகத் தன்னில் பிழை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்? அவருக்குத் தெரியாத ஒரு சொல் உள்ளே என் வாக்குமூலத்தில் கிடந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். சார்ஜன்ட் தமிழர், எங்கள் ஆள். முதலில் என்னுடையதை வாசித்தார். போன் என்ற இடம் வந்ததும் லொறிக்காரர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குழப்பம்தான் இருந்தது. அன்றைக்குத் தான் என்ன செய்தோம் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி இருந்தது. போன் என்றால் இங்கே முடிக்க ஏலாது, கோட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றார் சார்ஜன்ட்.

நான் எழும்பினேன். "சேர், போன் எண்டு எழுதினத வெட்டிருங்க. நான் வடிவாக் காணல்ல."

சார்ஜன்ட் பேனையை மேசையில் வைத்தார். ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்பார் என்று பயந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. லொறிக்காரரைப் பார்த்து, வாங்கில் இருந்து டீச்சரோடு என்ன கதைத்தாய் என்று கேட்டார். டீச்சரின் வீட்டுக்கு ஆள் அனுப்பினாயா, என்ன சொல்லி வெருட்டினாய் என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை, நான்தான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். நீங்கள் பயப்பட வேண்டாம் டீச்சர், இது எங்களுக்குப் புதிதில்லை என்றார். நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. சாட்சியை வெருட்டியது என்று வந்தால் அது வேறு வழக்கு, அதில் உள்ளேதான் இருக்கவேண்டிவரும் என்று லொறிக்காரருக்குச் சொன்னார். அவர் லொறிக்காரரைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூன்று நாளாக நானும் அவரை அப்படித்தான் பார்த்திருந்தேன்.

லொறிக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டைப் பார்த்தார்.

"இல்ல சேர். டீச்சர் மொதல்ல எழுதினதுதான் சரி. நான் போன்ல கதைச்சுத்தான் வந்தன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார், பேசவேண்டாம் என்று. நான் பேசினால் அவருக்குத்தான் இன்னும் மோசமாகும் என்று எனக்கும் விளங்கியது. சார்ஜன்ட் எழுதத் தொடங்கினார். கோட்டுத் தவணை அடுத்த மாத நடுவில் என்றார். இனி உங்கள் இன்சூரன்ஸ் கிளைமுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை டீச்சர் என்று என்னிடம் அன்பாகச் சொன்னார். லொறிக்காரர் மேசைக்குக் கீழே விரல் மடித்து நாள் எண்ணினார், பாதியில் நிறுத்திவிட்டார்.

முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திருப்பி முதலில் லொறிக்காரரிடம் வைத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.