குடை பிடித்த கோடைகள்

உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வாங்குகிற வேலைகள் பல உண்டு. நடந்து சம்பளம் வாங்குகிற வேலையில், தபால்காரருக்கு அடுத்தபடி எங்கள் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். திருமயத்துக்குப் பக்கத்து ஊர். ரங்கூனில் இருந்த கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பிய ஒரு செட்டியாருக்குக் காலையிலும் மாலையிலும் நடைத்துணையாகப் போவது என் உத்தியோகம். சண்டை வந்து பர்மாக் கப்பல் நின்றுபோவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. வீட்டில் எழுபது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு 'வெயிலில் போகாதீர்கள்' என்று ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகலாம்.

குடைக்கு ஓர் ஆள்

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின சித்திரையில் முதலாளி ஊருணிக் கரையில் மயங்கி விழுந்துவிட்டார். புதுக்கோட்டையிலிருந்து வந்து பார்த்த டாக்டர், நடப்பதை நிறுத்தினால் கால் முடங்கிவிடும் என்றார். ஆனால் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், வழியில் அடிக்கடி நிழலில் உட்கார வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ரங்கூன் பிள்ளைகள் சொல்லி அனுப்பியது வேறு. இன்னொரு தடவை அப்பச்சி விழுந்தால் வாசற்கதவைப் பூட்டிச் சாவியை ஆச்சி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்கள். அப்பச்சி என்றால் அப்பா, ஆச்சி என்றால் முதலாளியின் மனைவி. கதவைப் பூட்டினால் அவருக்கு நடை போய்விடும், எனக்குச் சோறு போய்விடும்.

ஆச்சி என்னிடம் ஒரு பெரிய குடையையும் ஒரு கூஜாத் தண்ணீரையும் ஒப்படைத்தார். முதல் நாளே வேப்பமரம் தெரிந்த இடத்திலெல்லாம் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டுப் பார்த்தேன். காதில் விழாதவர் போல நடந்தார். பர்மாவில் வயல் வயலாக வட்டி வசூலுக்கு நாள் முழுக்க நடந்த கால்கள் அவை. கடைசியில் கூஜாவை நீட்டினேன். நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாகத்துக்கு ஒக்கார்றவன் கிழவன். நான் இன்னும் கிழவனாகலை. நீ குடைக்குத்தான்டா ஆளு, எனக்கில்லை."

மாட்டு வியாபாரி செய்த உபகாரம்

அடுத்த சில நாட்கள் எனக்கு நரகம். அவர் குடிக்கட்டும் என்று நானே அவர் எதிரில் மடக் மடக்கென்று குடித்துக் காட்டினேன். என் வயிறு நிறைந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு காலையில், கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாடு ஓட்டி வந்த ஒரு வியாபாரி எதிர்ப்பட்டான். அசலூர்க்காரன், முதலாளியைத் தெரியாது. கும்பிடு போட்டுவிட்டு, "அய்யா எங்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டான்.

கிளம்பிப் போகிறவரை 'எங்கே' என்று கேட்பது எங்கள் பக்கம் பெரிய அபசகுனம். நாகரிகம் தெரிந்தவர்கள் 'தூரமா?' என்றுதான் கேட்பார்கள். தெரியாமல் ஒருவர் கேட்டுவிட்டால், போகிற காரியம் கெடாமலிருக்க உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும். முதலாளி அப்படியே நின்றார். பக்கத்திலிருந்த பாலத்துக் கட்டையில் புளியமர நிழலில் உட்கார்ந்தார். கையை நீட்டிக் கூஜாவை வாங்கினார். பாதிக் கூஜா காலி. மாட்டுக்காரன் காலில் விழலாமா என்று நினைத்தேன். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு முதலாளி சொன்னார்:

"சகுனத் தடைக்குத் தண்ணி குடிக்கிறது வயசுல சேராது."

வாத்தியாரின் தும்மல்

எனக்கு வழி திறந்துவிட்டது. மறுநாளே ஆள் சேர்த்தேன். வெற்றிலைக் கடை ராமாயி முதலில் பயந்தாள். மயங்கி விழுந்த கதையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டாள். கண்மாய் மடை பார்க்கிற சாத்தையாவுக்கு இதில் ஒரே குஷி. அய்யனார் கோவில் வரைக்கும் எங்கெங்கே நல்ல நிழல் இருக்கிறதோ அங்கங்கே ஒருவர் எதிரே வந்து 'எங்கே' என்று கேட்க வேண்டும். முதலாளி உட்காருவார், குடிப்பார், அவர்களை முறைப்பார், எழுந்து நடப்பார். டாக்டர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. டாக்டரால் முடியாததைச் சாதித்த பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்திக் குடை பிடித்தேன்.

பள்ளிக்கூடத்து வாத்தியாரையும் கேட்டிருந்தேன். அவர் வீட்டு வாசலில் நல்ல வாகைமரம். மனிதர் பரம சாது. முதலாளியைக் கண்டதும் மரியாதை முந்திக்கொண்டு, "தூரமாங்க?" என்று கேட்டுவிட்டார். முதலாளி மகிழ்ந்துபோய் நடையை எட்டிப் போட்டார். 'எங்கே' என்று கேட்கத் தனக்கு நாக்கு வராது, வேண்டுமானால் ஓர் ஒற்றைத் தும்மல் போடுகிறேன், அதுவும் தடைதானே என்றார் வாத்தியார். அவரிடம் மூக்குப்பொடி மட்டைக்குக் குறைவில்லை. மறுநாள் சரியான நேரத்தில் உறிஞ்சினார், சரியாகத் தும்மினார், உடனே இன்னொரு தும்மலும் போட்டுவிட்டார். இரட்டைத் தும்மல் நல்ல சகுனம். முதலாளி வெயிலில் ஓடாத குறை. பின்னால் குடையோடு ஓடிய என்னிடம் வாத்தியார் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"காரம் தூக்கலாப் போச்சு தம்பி. நாளைக்குப் பாதிச் சிட்டிகை போடுறேன்."

ஆச்சியின் கவலை

அந்தக் கோடை முழுவதும் முதலாளி ஒரு தடவைகூடத் தள்ளாடவில்லை. முகத்தில் தெளிவு, காலில் உரம். பங்காளி வீட்டுக்காரர்கள் தங்கள் பெரியவரையும் என் குடைக்குள் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு வந்தார்கள். குடை சிறியது என்று பிகு பண்ணிக்கொண்டேன்.

ஆச்சிக்கு மட்டும் ஒரு குறை. ஒரு நாள் மோர் கொடுத்துக்கொண்டே, ஊரில் என்னதான் நடக்கிறது என்று விசாரித்தார். நான் விஷயத்தைச் சொல்லவில்லை. என் பாட்டுக்கு மோரைக் குடித்தேன். ஆச்சியே தொடர்ந்தார்:

"ரங்கூன்ல கூட இப்படி இல்லையாம். ஊருல மரியாதை தெரிஞ்ச சனமே அத்துப் போச்சுன்னு தெனமும் அவுக சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாக."

நார்த்தாமலையில் கேட்டது

அடுத்த பங்குனியில் முதலாளி, நார்த்தாமலை மேலே இருக்கிற சோழீச்சரக் கோவிலை இந்த வருஷம் பார்த்தே தீருவேன் என்று கிளம்பினார். முதல் நாளே வண்டியில் போய்க் கீழே தங்கி, விடிகிறபோது ஏறினோம். ஏறினது சுலபம். கோவிலைச் சுற்றிச் சுற்றி வந்து, கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நேரத்தைக் கடத்திவிட்டார். இறங்கத் தொடங்கியபோது பாறை தோசைக்கல்லாகக் காய்ந்துவிட்டது.

பாதிச் சரிவில் அவர் முகம் செக்கச்செவேலென்று ஆனது. வேர்வை நின்று நெற்றி காய்ந்திருந்தது. ஊருணிக் கரையில் விழுந்த அன்றும் இப்படித்தான் வேர்வை நின்றதாக ஆச்சி சொல்லியிருந்தார். கூஜாவை நீட்டினேன், தள்ளிவிட்டார். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு ஆள் இல்லை. ராமாயி இல்லை, சாத்தையா இல்லை, ரெண்டு தும்மல் போடவாவது வாத்தியார் இல்லை. இங்கே விழுந்தால் கதவைப் பூட்டுகிற பேச்சுக்கே இடமிருக்காது. வேறு வழி தெரியவில்லை. ஒரு பாறை நிழல் பக்கத்தில் வந்ததும், குடையை மடக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் ஓடினேன். திரும்பி, எதிரே வருகிறவன் மாதிரி நடந்து வந்து கும்பிட்டேன். "முதலாளி, எங்க போறீங்க?"

கூடவே வருகிறவன் கேட்கிற கேள்வியா அது? அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நிழலில் போய் உட்கார்ந்தார். கூஜாவை வாங்கிக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். துண்டால் விசிறிக்கொண்டார். நெற்றியில் வேர்வை மறுபடி அரும்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவர் காலிக் கூஜாவை என் கையில் திணித்தார்.

"இதைக் கேக்க இம்புட்டு நேரமாடா? உச்சியிலிருந்து நீ எப்பக் கேப்பேன்னு பாத்துக்கிட்டே வாரேன், நாக்கு ஒட்டிப் போச்சு."

நான் அவரை ஏமாற்றினேனா, அவர் என்னை ஏமாற்றினாரா என்று ஊரில் இன்னமும் பேசுகிறார்கள். எப்படியானாலும் நான் குடை பிடித்த எந்தக் கோடையிலும் அவர் விழவில்லை, அதற்குச் சம்பளம் வாங்கினவன் நான்தான்.